இலைமேல் வைத்த கை

எனக்குக் கைராசி உண்டு என்று இருபது வருடத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டிருந்தவன் நான். செத்துக் கிடக்கும் சர்வரின் முன்னால் என்னை உட்காரவைத்தால் போதும். நாலு கட்டளை தட்டுவேன், எழுந்து உட்காரும். எப்படிச் செய்தாய் என்று யாராவது கேட்டால் சிரிப்பேன். பாதி நேரம் எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. கேட்டவர்கள் அந்தச் சிரிப்பைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை.

இப்போது வேலை பார்ப்பது பிரிக்பீல்ட்ஸில், ஒரு தையல் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில். சின்ன நிறுவனம். டயாலிசிஸ் மையங்களுக்கு மென்பொருள் செய்கிறோம். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம், மெஷினோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். யார் எந்த மையத்துக்கு, எந்த மெஷினுக்கு, எத்தனை மணிக்கு, அவரைக் கூட்டி வருவது எந்த வேன் என்பதையெல்லாம் எங்கள் மென்பொருள் பிரித்துப் பட்டியலாக்கி, முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு அனுப்பிவிடும். வேன் டிரைவர்களுக்கும் மிஸ்ஸிகளுக்கும் அது போய்ச் சேரும். எங்கள் ஊரில் நர்ஸ் என்றால் மிஸ்ஸி.

அந்தப் பட்டியலில் என் அண்ணனும் ஒருவர். ஜெஞ்சாரோமில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வீடு. வாழ்நாளெல்லாம் லோரி ஓட்டியவர், இப்போது திங்கள், புதன், வெள்ளி யாரோ ஓட்டும் வேனில் கிள்ளான் மையத்துக்குப் போகிறார். இதை அலுவலகத்தில் யாரிடமும் நான் சொன்னதில்லை. பட்டியலில் பெயர் கிடையாது, எண்தான்.

ரவாங்கிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்துபோகும் ஒரு பெண்மணி எங்களோடு சேர்ந்த பிறகுதான் என் கைராசிக்குக் கெட்ட காலம் பிறந்தது. நாற்பது வயதிருக்கும். ஞாயிறுதோறும் மெதடிஸ்ட் தேவாலயத்தில் பாட்டுக்குழுவில் பாடுகிறவர். அங்கே குரலை உயர்த்துவதால்தானோ என்னவோ, அலுவலகத்தில் அது உயர்ந்து நான் கேட்டதில்லை. ஊர்ப் பெயரால் கூப்பிட்டுக் கிண்டல் செய்வது என் பழக்கதோஷம், அவரை ‘ரவாங்’ என்றே அழைத்தேன். அவர் என்னை அண்ணே என்றார். வந்த சில மாதத்தில் எங்கள் சர்வர்களையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, கிளஸ்டர் எனப்படும் வாடகைக் கணினிக் கூட்டத்துக்கு வேலையை மாற்றினார். கூடவே ஒரு புது ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்.

ஏற்பாடு இதுதான். இனி யாரும் கையால் எதையும் மாற்றக்கூடாது. எல்லாம் எப்படி இருக்க வேண்டுமோ அதை ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். பட்டியல் அனுப்பும் நிரல் இரண்டு பிரதி ஓட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நினைவகம், கிள்ளான் மையத்தில் இருபது மெஷின், இப்படி. எதை மாற்றி எழுதினாலும் ஏன் என்று ஒரு வரி காரணம் சேர்க்க வேண்டும், இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். அதன்பிறகு ஒரு சின்ன நிரல் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பைப் பார்க்கும், கிளஸ்டரைப் பார்க்கும். வித்தியாசம் இருந்தால் கிளஸ்டரைக் கோப்பின்படி சரிசெய்யும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதிவைத்தால் நடந்துவிடுமா? அப்படியென்றால் என்னை எதற்கு வைத்திருக்கிறார்கள்?

ஒரு மதியம் பட்டியல் மெதுவாகத் தயாராவதைப் பார்த்தேன். வழக்கம்போல் உள்ளே போய், இரண்டு பிரதியை நாலாக்கிவிட்டு, தே தாரேக் வாங்கி வரக் கீழே இறங்கினேன். திரும்பி வந்தால் இரண்டுதான் ஓடுகிறது. விரல் தவறியிருக்கும் என்று மறுபடியும் நாலாக்கினேன். தேநீர் ஆறுவதற்குள் மறுபடியும் இரண்டு. மூன்றாவது முறை கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணெதிரிலேயே இரண்டு பிரதி மறைந்தன. எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

“யாரு லா என் வேலைல கை வைக்கிறது?” என்று அறை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டேன்.

“யாரும் வைக்கலண்ணே,” என்றார் ரவாங், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “கோப்புல ரெண்டுன்னு இருக்கு. நீங்க நாலு வச்சீங்க. அது பாத்துச்சு, ரெண்டாக்கிருச்சு.”

“நான் வச்சதுதான் சரின்னு அதுக்குத் தெரியாதா?”

“சரியா தப்பான்னு அதுக்குத் தெரியாதுண்ணே. எழுதியிருக்கா இல்லையான்னுதான் தெரியும். நீங்க எழுதுங்க, நான் ஓகே பண்றேன். மூனே நிமிசம்.”

வேண்டாவெறுப்பாக எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ‘மெதுவாக இருக்கிறது’ என்று போட்டேன். அவர் ஒப்புதல் தந்தார். நாலு பிரதி எழுந்து நின்றன. அப்போதும் என் ஆத்திரம் அடங்கவில்லை. ஒன்றைக் கொன்று பார்த்தேன், அந்த இடத்தில் புதிதாக ஒன்று எழுந்தது. இரண்டைக் கொன்றேன். நாலையும் சேர்த்துக் கொன்றேன். நான் விடாமல் கொல்ல, அது முகம் சுளிக்காமல் எழுப்பியது. கடைசியில் சலித்துப்போனது நான்தான்.

அது எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு உறைத்தது அலுவலகத்தில் அல்ல, தெருமுனையில் நாங்கள் மதியம் சாப்பிடும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில். அங்கே பரிமாறுகிறவர் ஒருவர் இருக்கிறார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர் யாரையும் கேட்பதில்லை. வாளிகளோடு மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார், கண் முழுக்க இலையில் இருக்கும். பொரியல் தீர்ந்திருந்தால் பொரியல் விழும். அப்பளம் இல்லையென்றால் அப்பளம். இதுவரை எத்தனை கரண்டி போட்டோம் என்ற நினைப்பே அவரிடம் கிடையாது. அன்று பாதியில் யாரோ அவரை வெளியே கூப்பிட்டார்கள், இன்னொருவர் வாளியை வாங்கிக்கொண்டார். வந்தவர் யாரையும் எதையும் விசாரிக்கவில்லை. என் இலையைப் பார்த்தார், பாகற்காய் இல்லை, போட்டார், அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

என் பழைய முறையில் வாளியை வாங்குகிறவன் முதலில் கேட்டிருப்பான், இந்த மேசைக்கு இதுவரை என்னென்ன போட்டாய், அடுத்தது என்ன என்று. அதைச் சொல்ல வேண்டியவன் வெளியே போயிருந்தால் சாப்பிடுகிறவன் பட்டினி. ஏழு படி ஓடி எட்டாவது படியில் விழுந்த நிரலைக் கையில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஓட்டுவதா, எட்டிலிருந்தா என்று எத்தனை முறை திருதிருவென விழித்திருக்கிறேன். இங்கே அந்தக் கேள்வியே எழவில்லை. என்ன நடந்தது என்று கேட்காதே, என்ன குறைகிறது என்று பார். இதை முதலில் யோசித்தவன் யாராக இருந்தாலும் அவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம் என்று தோன்றியது.

எதிரில் உட்கார்ந்திருந்த ரவாங்கிடம் இதைச் சொன்னேன். அவர் ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு யோசித்தார்.

“கரெக்டா இருக்குண்ணே. ஆனா போதும்னா என்ன பண்ணுவீங்க?”

நான் இலைமேல் கையை விரித்துக் காட்டினேன். சோற்று வாளியோடு வந்தவர் கையைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

“அதுவும் நம்மகிட்ட இருக்குண்ணே. சஸ்பெண்டுன்னு ஒரு வார்த்தை போட்டா அந்த எடத்தைத் தொடாம விட்டுரும். ஆனா கையை எடுக்க மறந்துரக் கூடாது லா.”

நான் தலையாட்டிவிட்டு இலையை மடக்கினேன். அன்றிலிருந்து அந்தச் சின்ன நிரலுக்கு நான் வைத்த பெயர் ‘பரிமாறுகிறவர்’. அலுவலகம் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. காலையில் வந்ததும் பரிமாறுகிறவர் நல்லா இருக்காரா என்று கேட்பேன், இருக்காருண்ணே என்பார் ரவாங்.

பாராட்டத் தெரிந்துகொண்டேன் என்பதால் திருந்திவிட்டேன் என்று அர்த்தமில்லை. தீபாவளி வாரம் வந்தது. அந்த வாரம் எல்லா மையங்களிலும் நேரத்தை மாற்றுவார்கள். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு யார் மெஷினில் போய்ப் படுப்பார்கள்? ஒருவருக்கு ஒரு நாள் முன்னால், இன்னொருவருக்கு ஒரு நாள் பின்னால் என்று மாற்றங்கள் வந்து குவிந்தன. ரவாங் பிள்ளைகளோடு பினாங்குக்குப் போயிருந்தார். “நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க, நான் இருக்கேன்ல,” என்று மார்தட்டி அனுப்பியவன் நான்.

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்குப் பட்டியல் அனுப்பும் நிரல் நினைவகம் போதாமல் விழுந்தது. எழுந்து, மறுபடியும் விழுந்தது. செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். கோப்பில் நினைவகத்தைக் கூட்டி எழுதிவிட்டு ரவாங்குக்குப் போன் போட்டு ஒப்புதல் கேட்க வேண்டும். ஒரு நிமிட வேலை. ஆனால் மார்தட்டிய கையால் போனை எடுக்க வரவில்லை. உள்ளே போய்க் கையால் கூட்டினேன். மூன்று நிமிடத்தில் பரிமாறுகிறவர் வந்து குறைத்துவிட்டுப் போனார். மறுபடியும் கூட்டினேன், மறுபடியும் குறைத்தார். மணி நாலே முக்கால் ஆகிவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இலைமேல் கையை வைத்தேன். சஸ்பெண்ட்.

ஐந்து மணிக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. கைராசி கைவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முறுக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதன்பிறகு கையை எடுக்கவே இல்லை. சதியொன்றும் இல்லை, சுத்தமான மறதி. மறதிக்கு வசதியும் துணை போனது. தீபாவளி முடிந்து வேலைக்கு வந்தபோது எதை மாற்றினாலும் மாற்றியபடியே இருந்தது. பழைய காலம் திரும்பியதுபோல் விரல்கள் குதூகலமாகிவிட்டன. இங்கே கொஞ்சம் நினைவகம், அங்கே ஒரு நேர மாற்றம் என்று போகிறபோக்கில் செய்துகொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் அண்ணன் போனில் புலம்பினார். “விடியாத நேரத்துல அஞ்சு மணிக்கே வேன் வந்துருதுடா. நான்தான் தூரமாம், மொத ஆளு. அப்புறம் ஒவ்வொரு வீடா சுத்தி கிள்ளான் போறதுக்குள்ள முதுகு போயிருது.” கேட்கப் பாவமாக இருந்தது. இரண்டாவது வேன் முக்கால் மணி நேரம் பிந்திக் கிளம்பி, கடைசியாக மையத்துக்கு வந்துசேரும். அண்ணனின் எண்ணை முதல் வேனிலிருந்து எடுத்து இரண்டாவதில் போட்டேன். இரண்டாவதில் இடமில்லாததால் அதிலிருந்த வேறொரு எண்ணை முதலாவதுக்குத் தள்ளினேன். இருபது பேருக்கு இருபது மெஷின், யார் முதலில் வந்தால் என்ன, கடைசியில் வந்தால் என்ன? ஒரு தம்பியால் செய்ய முடிந்த சின்ன உதவி என்று நினைத்தேன், செய்ததை அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்று வாரம் போனது. கிள்ளான் மையத்தார் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டடம் எடுத்தார்கள். இருபது மெஷினில் பத்தை ஒரு வாரக் கடைசியில் லோரியில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு, திங்கள்கிழமையிலிருந்து இரண்டு இடத்திலும் நடத்துவதாகத் திட்டம். யார் எங்கே போவது என்பதை எங்கள் பட்டியல் சொல்லும். ரவாங் அதைக் கோப்பில் எழுதினார். கிள்ளானில் இரண்டு மையம், பத்து மெஷின், பத்து மெஷின். அத்தனை சுத்தமாக எழுதியிருந்தார். நான் படித்துப் பார்த்து, ‘சூப்பர்’ என்று தட்டி ஒப்புதல் கொடுத்தேன். அந்த எழுத்து கிளஸ்டருக்குப் போய்ச் சேரும் வழியில் என் கை கிடக்கிறது என்பது அப்போதும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நான் ஒரு கல்யாண வரவேற்பில் இருந்தேன். பட்டியல் அனுப்பப்பட்டது என்று கைப்பேசியில் பச்சை விழுந்தது. அனுப்பப்பட்டதா என்றுதான் பார்த்தேன், அதில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை.

மாற்றம் நடக்கும் நாளில் சீக்கிரம் வந்துவிடுவது எங்கள் வழக்கம். திங்கள் காலை ஏழு மணிக்கு நானும் ரவாங்கும் மட்டும் அலுவலகத்தில் இருந்தோம். அவர் ஜன்னலோரம் கொண்டுவந்த இட்லியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது.

“டேய், இங்க பத்து மெஷின்தான்டா இருக்கு. ஆளு இருபது பேரும் வந்துட்டோம்.” ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கினார். “என் வேன் கடைசியா வந்துச்சு. முன்ன வந்தவங்கள ஏத்திட்டாங்க. பத்து பேரு வெளிய உக்காந்திருக்கோம்.”

“புது எடத்துக்குப் போகச் சொல்லலையா?”

“மிஸ்ஸி போன் போட்டுக் கேட்டாங்க. அங்க மெஷினெல்லாம் சும்மாதான் கெடக்குதாம். லிஸ்ட் இல்லாம ஏத்த முடியாதுங்கறாங்க. யாருக்கு என்ன மருந்து, எவ்ளோ தண்ணி எடுக்கணும்னு அதோடதான் போகுமாம். லிஸ்ட் வரலன்னா வீட்டுக்குப் போய்ட்டு புதன்கிழமை வாங்கங்கறாங்க.”

வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில்தான் நீளமான இடைவெளி. ஞாயிறு இரவே அவருக்குக் கால் வீங்கிவிடும், இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியாது. இன்னும் இரண்டு நாள் தாங்க மாட்டார். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். “இருங்கண்ணே, அங்கேயே இருங்க,” என்று வைத்தேன்.

போனை வைத்த கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அதைவிட மோசமானது அடுத்து வந்த நினைப்பு. ஒரு வார்த்தையை அழித்தால் போதும். பரிமாறுகிறவர் மூன்று நிமிடத்தில் வருவார், இரண்டு மையம் ஆகிவிடும், புதுப் பட்டியல் போகும். ஏதோ தாமதம் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். ஜன்னலோரம் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. விரல் விசைப்பலகை வரைக்கும் போய்விட்டது. ஆனால் அவர் வந்தால் அதை மட்டுமா சரிசெய்வார்? தீபாவளிக்கு நான் கூட்டிய நினைவகத்தையும் சேர்த்துத்தான் குறைப்பார். ஒரு பட்டியலைப் பாதியில் திருப்பிப் போடும் சுமையில் நிரல் விழுந்தால் அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறேன் என்பது உறைத்தது.

“ரவாங்,” என்றேன். “தீபாவளிக்கு நான் சஸ்பெண்ட் பண்ணேன். எடுக்கவே இல்ல. புது எழுத்து எதுவும் உள்ள போகல. கிள்ளான்ல பத்து பேரு மெஷின் இல்லாம வெளிய நிக்கிறாங்க.”

அவர் இட்லியை மூடிவைத்துவிட்டு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

“கையால என்னென்ன மாத்துனீங்க, ஞாபகம் இருக்காண்ணே?”

“ஆறு… ஏழு இருக்கும்.”

“பரவால்ல. நம்ம ஞாபகம் வேணாம். அதையே கேப்போம்.”

கோப்பில் இருப்பதையும் கிளஸ்டரில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் காட்டச் சொன்னார். எழுதியது சிவப்பில், இருப்பது பச்சையில். அவர் எழுதிய கிள்ளான் மாற்றத்தைத் தவிர பத்தொன்பது இடம். பத்தொன்பதும் என் கை. பன்னிரண்டைப் பற்றி எனக்குச் சுத்தமாக நினைவே இல்லை. வருடக் கணக்கில் நான் கைராசி என்று சொல்லிக்கொண்டிருந்தது வரிவரியாகத் திரையில் நின்றது. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு நடுவிலும் ஒரு பிரமிப்பு இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நான் மறந்ததை அது மறக்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. அது எதையும் நினைவில் வைத்திருக்கவே இல்லை. வெறுமனே பார்த்தது, இருப்பதைச் சொன்னது.

ஒவ்வொன்றாகப் போனோம். வைக்கவா, எடுக்கவா என்று அவர் கேட்பார், நான் சொல்வேன். வைக்க வேண்டியதைக் கோப்பில் எழுதிக் காரணத்தையும் சேர்ப்பார். நினைவகத்துக்கு வந்தபோது, “இதை எழுதாம கையை எடுத்திருந்தா செத்திருக்கும்ணே,” என்றார். அவர் விரல்களில் அவசரமே இல்லை. பத்து பேர் காத்திருப்பது தெரிந்தும், ஒரு வரியைக்கூடத் தாண்டவில்லை. என் காலத்தில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், இவருடைய நிதானம் யாரிடமும் கண்டதில்லை.

பதினான்காவது வித்தியாசத்தில் நின்றார். இரண்டு வேன், இரண்டு எண். ஒன்று மேலிருந்து கீழே, ஒன்று கீழிருந்து மேலே.

“இது எதுக்குண்ணே? யாரு கேட்டாங்க?”

“என் அண்ணன்,” என்றேன். “ஜெஞ்சாரோம். இப்ப வெளிய உக்காந்திருக்கறதுல ஒருத்தரு.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். கடைசி வேனில் ஏற்றியது நான்தான், கடைசியாக வந்ததால்தான் அவருக்கு மெஷின் இல்லை என்பது அவருக்கும் அந்த நொடியில் தெரிந்திருக்கும்.

“வைக்கலாம்ணே. காரணம் மட்டும் வேணும். என்ன எழுதட்டும்?”

யோசித்தேன். வயசாகிவிட்டது என்று எழுதலாமா? இருபது பேரும் வயசானவர்கள். விடியலில் எழ முடியவில்லை என்று எழுதலாமா? மேலே தள்ளப்பட்ட அந்த இன்னொரு எண் இந்த மூன்று வாரமாக விடியலில் எழுந்துகொண்டிருக்கிறது. அது ஆணா பெண்ணா, கால் வீங்குமா வீங்காதா, எதுவும் எனக்குத் தெரியாது. எழுதக்கூடிய காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, என் அண்ணன் என்பது. அதைக் கோப்பில் எழுத எனக்குக் கை வரவில்லை.

“எடுத்துருங்க,” என்றேன்.

மிச்ச ஐந்தையும் முடித்தோம். அவர் எழுதியதை நான் படித்து ஒப்புதல் தந்தேன், இந்த முறை ‘சூப்பர்’ என்று தட்டவில்லை. பிறகு சஸ்பெண்ட் என்ற வார்த்தையை நானே அழித்தேன்.

அடுத்து நடந்ததை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. பரிமாறுகிறவர் வந்தார். இத்தனை நாள் ஏன் தடுத்தாய் என்று கேட்கவில்லை, இடையில் என்ன நடந்தது என்று விசாரிக்கவில்லை. கோப்பைப் பார்த்தார், கிளஸ்டரைப் பார்த்தார். கிள்ளானில் இரண்டு மையம் எழுந்தது. பட்டியல் நிரல் எழுந்து மையத்தின் நிலையைப் பார்த்தது. மெஷினில் ஏற்றியவர்களை மிஸ்ஸிகள் தங்கள் திரையில் குறித்திருந்தார்கள். பத்து பேர் ஏறிவிட்டார்கள், அவர்களைத் தொடவில்லை. பத்து பேர் காத்திருக்கிறார்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பத்து மெஷின் காலி. யார் முதலில் எங்கே போயிருக்க வேண்டும் என்ற பழங்கதைக்குள் அது போகவே இல்லை. குறைவதைப் பார்த்தது, போட்டது. பத்து எண்ணும் புது மையத்துக்கு மாறி, இரண்டு வேன் டிரைவர்களுக்கும் பட்டியல் போனபோது மணி ஏழு நாற்பது.

எட்டு மணிக்கு அண்ணன் கூப்பிட்டார். “வேன் வந்துருச்சுடா. பாலத்தைத் தாண்டிட்டோம்.” ஒன்பது மணிக்குள் அவர் மெஷினில் இருந்தார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் ரவாங் மேலாளருக்கு நடந்ததை எழுதிக்கொண்டிருந்தார். முதல் வரியில் தன் தவறு இருந்தது. சஸ்பெண்ட் ஆனால் திரையில் மஞ்சள் நிறம் காட்டும், லீவிலிருந்து வந்தவர் அதைப் பார்க்கவில்லை என்று. இரண்டாவது வரியில் என் தவறு. கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. அன்றே கோப்பில் ஒரு புது வரியும் சேர்த்தார். ஒரு நாளுக்கு மேல் யாருடைய கையாவது இலைமேல் இருந்தால் எங்கள் இருவரின் கைப்பேசியும் அலறும். காரணம் என்ற இடத்தில் ‘மனிதர்கள் மறப்பார்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

புதன்கிழமை மாலை அண்ணனிடமிருந்து மறுபடியும் அழைப்பு. குரல் தெளிவாக இருந்தது.

“இன்னிக்கு வேன் மறுபடியும் அஞ்சு மணிக்கே வந்துருச்சுடா. எவன்டா மாத்துனான்?”

“நான்தாண்ணே.”

“மூனு வாரம் லேட்டா வந்துச்சே, அது?”

“அதுவும் நான்தான். உங்களுக்காகத்தான் மாத்துனேன். அதனாலதான் அன்னிக்கு உங்களுக்கு மெஷின் இல்லாம போச்சு.”

பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது.

“டிரைவர் சொன்னாரு,” என்றார். “சிஜாங்கான் பக்கம் ஒரு அம்மா, எழுவது வயசுக்கு மேல. திடீர்னு அவங்கள மொத ஆளா ஆக்கிட்டாங்களாம். மூனு வாரமா இருட்டுல வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்களாம், வேன் விட்டுட்டுப் போயிருமோன்னு பயந்துக்கிட்டு. இன்னிக்கித்தான் அவங்க பழையபடி ரெண்டாவது வேனுக்கு மாறிட்டாங்கன்னு சொன்னாரு.”

நான் மேலே தள்ளிய அந்த இன்னொரு எண் அவர்தான்.

“அந்த அம்மா தூங்கட்டும்,” என்றார் அண்ணன். “நான் வேன்ல தூங்கிக்கிறேன். நீ கையை வச்சிக்கிட்டு சும்மா இரு.”